பௌட்லரைஸ்: ஒரு வினைச்சொல்லின் கதை

ஆட்பெயர் வினைச்சொல்லாக மாறுவது ஆங்கிலத்தில் புதிதன்று. 1880இல் அயர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த பாய்காட் என்பாரின் பெயர் புறக்கணித்தலைக் குறிக்கலாயிற்று. அவ்வாறு பிறந்த அருஞ்சொற்களுள் ஒன்றே 'பௌட்லரைஸ்'. தகாதன எனத் தாம் கருதும் பகுதிகளை ஒரு நூலினின்று நீக்கியோ மாற்றியோ வெளியிடுதல் என்பது இதன் பொருள்.

தாமஸ் பௌட்லர் (1754–1825) ஆங்கிலேய மருத்துவர். அவர்தம் தந்தையார் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் குடும்பத்தாருக்குப் படித்துக்காட்டுகையில், தகாதன எனத் தோன்றியவற்றை ஓசையின்றித் தாண்டிவிடுவாராம். அப்பழக்கமே பின்னர் நூலாயிற்று. 1807இல் 20 நாடகங்கள் அடங்கிய 'குடும்ப ஷேக்ஸ்பியர்' ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதனைச் செப்பனிட்டவர் அவர் தமக்கையார் ஹென்ரியெட்டா. 1818இல் பத்துத் தொகுதிகளாக விரிந்த பதிப்போ தம்பியின் பெயரையே தாங்கியது.

'கடவுளே' என்னும் விளி 'வானமே' என்றாயிற்று. ஒஃபீலியாவின் சாவு தற்செயலாக நேர்ந்த விபத்தாயிற்று. 'ஒத்தெல்லோ' மட்டும் கத்தரிக்கு அடங்கவில்லை. அதனைக் கூடத்தில் வைக்காது தனியறையில் வைக்குமாறு பௌட்லரே அறிவுறுத்தினார்.

1836 அளவில் அவர் பெயர் வினையாகிவிட்டது. இவ்வினை நூலையே செயப்படுபொருளாகக் கொள்ளும். பெரும்பாலும் இகழ்ச்சிக் குறிப்புடனேயே வரும். ஆயினும் கவிஞர் ஸ்வின்பர்ன், சிறாரிடம் ஷேக்ஸ்பியரைக் கொண்டுசேர்த்தவர் எனப் பௌட்லரைப் பாராட்டினார்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் யாது? 'தணிக்கை' அரசின் ஆணையை நினைவூட்டும். 'சுருக்கம்' அளவை மட்டுமே சுட்டும். 'ஒழுக்கம் கருதிச் சிதைத்தல்' எனின் பொருள் ஒருவாறு விளங்கும் எனலாம்.

2023இல் ரோல்டு டாலின் சிறுவர் நூல்களில் சொற்கள் மாற்றப்பட்டமை தெரியவந்தபோது பெரும் எதிர்ப்பெழுந்தது. பழைய பாடமும் தொடர்ந்து கிடைக்கும் எனப் பதிப்பகத்தார் அறிவிக்க நேர்ந்தது. இருநூறு ஆண்டு கடந்தும் வினா ஓயவில்லை.

இளையோர்க்கு ஏற்பத் தேர்ந்து தருதல் ஆசிரியர் கடமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்தலை வெளிப்படக் கூறல் வேண்டும். பௌட்லர்கூட, சொற்களை நீக்கியுள்ளோம் எனத் தம் நூலின் முகப்பிலேயே அறிவித்தார். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிப் பதிப்பித்த சான்றோர் வழிவந்த நாம், அவரினும் குறைந்த நேர்மையோடு ஒரு நூலைத் தொடுதல் தகுமா? வெட்டிய இடத்தில் ஒரு குறியேனும் இடுவோம். முழுநூலைத் தேடும் உரிமை மாணவர்க்கு எஞ்சி நிற்கும்.