கோடியக்கரைச் சாலையில் வேகம்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலை அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைத் தாண்டி, கோடியக்காட்டின் வழியே சென்று கடலோரம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போக வழியில்லாத ஊருக்குப் போகிறவனுக்கு என்ன அவசரம் என்று தோன்றும். அவசரமெல்லாம் திரும்பும்போதுதான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் இங்கே வந்து தங்கித் தொழில் செய்வார்கள். பிடித்த மீன் ஐஸ் உருகுவதற்குள் சந்தை சேர வேண்டும். வேதாரண்யம் வட்டத்து முல்லைப்பூவும் மொக்கு விரிவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். உப்பு மட்டும் காத்திருக்கும். ஆனால் உப்பு லாரிக்கும் அடுத்த நடை உண்டு.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் வேகத்தைப் பிடித்து நிறுத்தப் போலீஸ் தேவைப்படவில்லை. ஒற்றை வண்டி அகலத்துக்குத் தார், இருபுறமும் மண். எதிரே மாட்டு வண்டி வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அறுவடை முடிந்தால் பாதிச் சாலையில் நெல் காயும். உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரமே மிதித்துக் கொடுக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். இதையெல்லாம் மீறிப் பறக்கிறவனுக்காகத்தான் புளியமர நிழலில் ஒரு காவலர் நின்றார்.

அவர் கண்ணை மட்டும் சட்டம் நம்பவில்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இதற்கு ஒரு தடை இருந்தது: வேகமாகப் போனான் என்று ஒரே ஒரு சாட்சி சொல்லும் கருத்தை வைத்து மட்டும் எவரையும் தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்புக்கு ஓர் இயந்திரக் கருவியின் துணை வேண்டும். கருவி என்றால் பெரும்பாலும் கடிகாரம்தான். அளந்து வைத்த 200 மீட்டரை 12 விநாடிக்குள் கடந்தால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். கணக்கு எளிது. ஆனால் அதற்கு இரண்டு ஆள், ஒரு சைகை, நடுங்காத விரல் எல்லாம் வேண்டும். வேகமாக வந்தவனை நிறுத்தி, ஓவர்லோடுக்கோ எரியாத விளக்குக்கோ வழக்கு எழுதுவது அதைவிடச் சுலபம். ரசீதோடு ஒரு தொகை, ரசீது இல்லாமல் வேறொரு தொகை என்ற பேரமும் நடந்ததுதான்.

இன்று பார்ப்பது ராடார். வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்திலிருந்து அது வேகத்தைக் கணக்கிடுகிறது. 2019 திருத்தம் மின்னணுக் கருவியையும் அந்தப் பழைய விதியில் சேர்த்துக்கொண்டது. 400 ரூபாயைத் தாண்டாமல் இருந்த முதல் அபராதம், காருக்கு 1,000 முதல் 2,000 வரை, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை என்று ஏறியது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அந்த ஒரே ஆண்டில் மாநிலத்துச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 71 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை பதிந்திருக்கிறது. இந்த எண்களை வைத்துக்கொண்டு புளியமரத்தடிக்காக ஏங்குவது அவ்வளவு எளிதல்ல.

ஒளிந்து நிற்பதும் மாறிவிட்டது. அன்று எதிரே வரும் லாரி ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டினால் முன்னால் செக்கிங் என்று பொருள். முகம் தெரியாதவர்களுக்குள் இருந்த உதவி அது. சட்டத்துக்கு எதிரான உதவி என்பதையும் மறுக்க முடியாது. இங்கிலாந்தில் 1905இல் வாகன ஓட்டிகள் இதற்காகவே ஒரு சங்கம் வைத்து, சைக்கிளில் ஆள் அனுப்பி எச்சரித்தார்கள். இன்று கூகுள் மேப்ஸே கேமரா இருக்குமிடத்தைக் காட்டுகிறது. 2021ஆம் ஆண்டு மத்திய விதியோ, கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்கச் சொல்கிறது. லாரிக்காரர் செய்த வேலையை அரசே எடுத்துக்கொண்டது.

கருவிக்கு எம்.எல்.ஏ. காரும் மீன் வண்டியும் ஒன்று. காவலர் அப்படியில்லை. "யாரு மவன்டா நீ? அப்பாகிட்ட சொல்லவா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். அந்தக் கேள்வி சில பையன்களுக்கு அபராதத்தைவிட உறைத்திருக்கும். ஆனால் அப்பனைத் தெரியாத வெளியூர்க்காரன் மட்டும் பணம் கட்டிப் போனான் என்பதும் அதே கதையின் மறுபக்கம்.

வண்டி நெரிசலும் விபத்தும் மிகுந்த இடத்தைத் தேடித்தான் கேமரா போகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்காட்டில், மான் குறுக்கே வருகிற இடத்தில், இன்னமும் ஓட்டுநரின் கால்தான் காவல். சாலை நன்றாக ஆக ஆக அந்தக் கால் பிரேக்கை மறக்கிறது.

அன்று பிடிபட்டது ஸ்டீயரிங்கில் இருந்தவன். இன்று நோட்டீஸ் வண்டி எண்ணைத் தேடி, 15 நாளுக்குள் உரிமையாளர் பெயருக்குப் போகிறது. அதை ஓட்டுநரின் சம்பளத்தில் கழித்துக்கொள்ள அவருக்கு வழியிருக்கிறது. 1939 சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தைக் குறித்து வண்டியை அனுப்பினால், நேரம் குறித்தவர் மீதே வழக்கு நிற்கும். 1988 சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றும் அது நீக்கப்படவில்லை. ஐந்து மணிக்குள் நாகப்பட்டினத்தில் மீன் இருக்க வேண்டும் என்று போனில் சொல்கிற முதலாளிக்கும் அது பொருந்தும். கேமரா எடுக்கும் படத்தில் இடம், தேதி, நேரம், வேகம் எல்லாம் இருக்கும். அந்த போன் மட்டும் அதில் இருக்காது.