பிரெட் புட்டிங்: ஓவன் ரெசிபியை ஏர் பிரையருக்கு மாற்றுவது எப்படி?

டிசம்பர் நெருங்கியவுடன் இணையத்தில் சமையல் குறிப்புகளைத் தேடுபவர்களின் கண்ணில் அதிகம் படுவது "ஹாலிடே ரெசிபி" என்ற பெயர்தான். அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் நாளில் தொடங்கி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரை உள்ள நாட்களை ஹாலிடே சீசன் என்கின்றனர். அங்கு அது குளிர்காலம் என்பதால், சூடாகச் சாப்பிடும் இனிப்புகளுக்குத் தனி மவுசு. அவற்றில் மிக எளிதானது பிரெட் புட்டிங். மீந்துபோன பிரெட், பால், முட்டை, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவை இருந்தால் போதும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை பெரிய ஓவனுக்காக, பாரன்ஹீட்டிலும் கப் கணக்கிலும் எழுதப்பட்டவை. நம்மில் பலர் வீட்டில் இருப்பதோ ஒரு சிறிய ஏர் பிரையர். குறிப்பில் உள்ளதை அப்படியே செய்தால் மேலே கருகிவிடும். நடுவில் முட்டை வேகாமல் கொழகொழவென்று நிற்கும். பச்சை முட்டை என்பது சுவை தொடர்பானது மட்டுமல்ல, குழந்தைகளின் வயிறு தொடர்பானதும்கூட.

மென்பொருள் துறையில் ஒரு கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்ட புரோகிராமை வேறு வகைக் கம்ப்யூட்டரில் இயங்கும்படி மாற்றி அமைப்பதைப் போர்ட்டிங் என்று சொல்வோம். இங்கு நாம் செய்யப் போவதும் அதுதான். கணக்குகளைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும். எந்தக் கணக்கு எதற்கு என்பதை மட்டும் நாம் தெரிந்து கொண்டால் போதும்.

பிரையர் என்ற பெயர் ஏன்?

பெயரில் பிரையர் என்று இருந்தாலும் இந்தச் சாதனம் எதையும் பொரிப்பதில்லை. 2010ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடந்த ஐ.எப்.ஏ. கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஏர்பிரையரை அறிமுகப்படுத்தியது. குறைந்த எண்ணெயில் உருளைக்கிழங்கு பிரைஸ் என்று சொல்லி விற்றதால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே இருப்பது ஒரு ஹீட்டர் காயிலும் அதற்கு மேல் ஒரு மின்விசிறியும்தான். உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து பார்த்திருந்தால் பிராசசரின் மேல் ஒரு மின்விசிறி சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். அது சூட்டை வெளியே தள்ளுகிறது. ஏர் பிரையரின் மின்விசிறியோ அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. சூட்டை உணவின் மேல் வேகமாகத் தள்ளுகிறது.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, ஓவனைவிடச் சீக்கிரம் வேகும். இரண்டாவது, காயில் உணவுக்கு வெகு அருகில், நேர் மேலே இருப்பதால் மேற்பரப்பு முதலில் சிவந்துவிடும். பொரித்த உணவுக்கு இது வரம். புட்டிங்கிற்கு இதுதான் தொல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். டிஸ்பிளேயில் தெரியும் 160 என்பது உள்ளே சுற்றும் காற்றின் வெப்பம். புட்டிங்கின் நடுப்பகுதி எவ்வளவு சூடாகி இருக்கிறது என்பது அந்தச் சென்சாருக்குத் தெரியாது.

தேடுவதும் எடுப்பதும்

கூகுள் அல்லது பிங் தளத்தில் பிரெட் புட்டிங் என ஆங்கிலத்தில் தந்து தேடுங்கள். ஏர் பிரையருக்கென்றே எழுதப்பட்ட குறிப்புகளும் கிடைக்கும். ஆனால் ஏர் பிரையர்கள் ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு அளவு. எனவே, பலராலும் செய்து பார்க்கப்பட்ட ஒரு ஓவன் குறிப்பை எடுத்து நாமே மாற்றிக் கொள்வது நல்லது என்பது என் கருத்து. தேடல் முடிவுகளின் மேலே செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். மூலப் பக்கத்தைத் திறந்து, வெப்ப அளவு பாரன்ஹீட்டா செல்சியஸா என்று பாருங்கள். 350 என்று மட்டும் போட்டிருந்தால் அது பாரன்ஹீட்தான். வீட்டு ஏர் பிரையர்கள் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றுவிடும்.

ரெசிபி தளங்களில் குறிப்புக்கு முன்னால் நீண்ட கதை இருக்கும். மேலே "ஜம்ப் டு ரெசிபி" என்ற பட்டன் இருந்தால் அதில் கிளிக் செய்திடுங்கள். தேவையான பகுதியை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தினால் பிரிண்ட் விண்டோ கிடைக்கும். குரோம் பிரவுசரில் "மோர் செட்டிங்ஸ்" சென்று, தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் என்பதற்கான கட்டத்தில் டிக் செய்திடலாம். பிரிண்டர் இல்லாதவர்கள் பி.டி.எப். பைலாக சேவ் செய்திடலாம். பக்கத்தின் நடுவே பெரிதாக "டவுன்லோட்" என்று மின்னும் பட்டன்களைத் தொட வேண்டாம். அவை பெரும்பாலும் விளம்பரங்கள்.

எக்ஸெல் செய்யும் கணக்கு

நாம் எடுத்துக்கொள்ளும் ஓவன் குறிப்பு இது: 9க்கு 13 அங்குலத் தட்டு, 1 பவுண்டு பிரெட், 4 கப் பால், 6 முட்டை, 1 கப் சர்க்கரை, 4 டேபிள்ஸ்பூன் வெண்ணெய். 350 டிகிரி பாரன்ஹீட்டில் 45 நிமிடங்கள்.

இதை 6 அங்குல வட்ட கேக் டின்னுக்குக் கொண்டுவர வேண்டும். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து கொள்ளுங்கள். தட்டின் பரப்பு 9 பெருக்கல் 13, அதாவது 117 சதுர அங்குலம். டின்னின் பரப்பு 3 பெருக்கல் 3 பெருக்கல் 3.14, ஏறத்தாழ 28. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.24 கிடைக்கும். ஆகவே எல்லாவற்றிலும் கால் பங்கு. உங்களிடம் உள்ளது 7 அங்குல டின் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் டின்னைச் சுற்றிலும் காற்று இறங்க இடம் வேண்டும். பாஸ்கெட்டில் இறுக்கமாகப் போய் உட்காரும் டின் உதவாது.

ஏ நெடுவரிசையில் பொருளின் பெயர், பி-யில் மூல அளவு, சி-யில் சமக்குறி போட்டு பி-யை 0.25 ஆல் பெருக்கும் பார்முலா. முதல் செல்லில் எழுதி, அதன் கீழ் வலது மூலையைப் பிடித்து இழுத்தால் மற்ற செல்களிலும் கணக்கு வந்துவிடும். அமெரிக்க கப் என்பது சுமார் 240 மி.லி.; டேபிள்ஸ்பூன் 15 மி.லி. வெண்ணெயைச் சிலர் "ஸ்டிக்" என்று எழுதுவார்கள். ஒரு ஸ்டிக் 113 கிராம்.

முட்டை மட்டும் 1.5 என்று வரும். கம்ப்யூட்டருக்கு அரை முட்டையில் சங்கடம் எதுவும் இல்லை! நீங்கள் 2 போட்டுவிடுங்கள். புட்டிங் சற்றுக் கெட்டியாக இருக்கும், கெட்டுப் போகாது.

அடுத்தது வெப்பம். ஓவன் குறிப்பை ஏர் பிரையருக்கு மாற்றும்போது 25 டிகிரி பாரன்ஹீட் குறைப்பது பரவலான வழக்கம். 350இல் 25 போனால் 325. இதில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் 163 டிகிரி செல்சியஸ். 160 என்று வைத்துக் கொள்ளலாம். இங்கு வரிசை முக்கியம். முதலில் கழித்துவிட்டுப் பிறகுதான் மாற்ற வேண்டும். 25ஐத் தனியாக அதே பார்முலாவில் போட்டால் மைனஸ் 3.9 என்று விடை வரும். விண்டோஸ் கால்குலேட்டரில் உள்ள டெம்பரேச்சர் கன்வெர்ட்டரும் இதே விடையைத்தான் தரும். அது வெப்பநிலையை மாற்றுகிறது, வெப்ப வித்தியாசத்தை அல்ல.

இறுதியாக நேரம். பொருட்கள் கால் பங்கு ஆனதால் நேரமும் கால் பங்கு, 11 நிமிடம் என்று கணக்கிட்டுவிடாதீர்கள். சூடு வெளியிலிருந்து நடுவுக்குப் பயணம் செய்ய வேண்டும். பரப்புக்கு ஏற்ப அளவைக் குறைத்ததால் புட்டிங்கின் ஆழம் அப்படியேதான் இருக்கிறது. எனவே, 45 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்து 36 நிமிடத்தை மேல் எல்லையாக வைத்து, 30 நிமிடத்திலிருந்து சோதிக்கத் தொடங்குங்கள்.

பிளக்கை எங்கே செருகுவது?

இது சமையலைவிட முக்கியம். கம்ப்யூட்டர் மேஜையில் உள்ள ஸ்பைக் பஸ்டரில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்று ஏர் பிரையரை அங்கே செருகுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 1500 வாட் ஏர் பிரையர் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்ப் சாக்கெட்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இது அதிகம். அரை மணி நேரத்தில் ஒயர் சூடாகி உருகக் கூடும். வீட்டில் உள்ள பெரிய மூன்று துளை பவர் பிளக்கில் நேரடியாக இணைத்திடுங்கள். யு.பி.எஸ். பக்கமே கொண்டு போகக் கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருடன் பொதுவாக வரும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது ஏறத்தாழ 360 வாட்தான்.

இனி புட்டிங்

115 கிராம் பிரெட்டை, அதாவது சாண்ட்விச் பிரெட்டில் சுமார் 4 துண்டுகளை, ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கொள்ளுங்கள். முந்தைய நாள் பிரெட் சிறந்தது. புதிய பிரெட் என்றால் தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். ஏர் பிரையரிலேயே உலர்த்தலாமே என்று தோன்றும். ஆனால் எடை குறைந்த பிரெட் துண்டு காற்றில் எழும்பிக் காயிலில் ஒட்டிக் கருகும். வெறும் பட்டர் பேப்பரை மட்டும் வைத்து மெஷினைச் சூடுபடுத்துவதும் அதே காரணத்தால் ஆபத்து.

240 மி.லி. பாலை வெதுவெதுப்பாக்கி, 50 கிராம் சர்க்கரை, 1 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் வெனிலா எசன்ஸ், சிறிது பட்டைத் தூள், துருவிய ஜாதிக்காய் சேர்த்துக் கலக்குங்கள். பால் கொதிக்கும் சூட்டில் இருந்தால் முட்டை திரிந்துவிடும். விரல் பொறுக்கும் சூடு போதும். நன்றாக அடித்த 2 முட்டைகளை இதில் ஊற்றிக் கலந்து, வெண்ணெய் தடவிய டின்னில் உள்ள பிரெட், உலர் திராட்சையின் மீது ஊற்றுங்கள். கரண்டியால் லேசாக அழுத்திவிட்டு 20 நிமிடம் ஊறட்டும். பிரெட் உள்வரை ஊறவில்லை என்றால், ஒரே டின்னில் பாதி ஆம்லெட்டும் பாதி காய்ந்த ரஸ்க்குமாகப் பிரிந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் இதை மணிக்கணக்கில் வெளியே வைக்க வேண்டாம். இரவே தயார் செய்வதென்றால் பிரிட்ஜில் வைத்து, மறுநாள் வேகும் நேரத்தில் 5 நிமிடம் கூட்டிக் கொள்ளுங்கள்.

டின்னை அலுமினியம் பாயிலால் மூடி, ஓரங்களை விளிம்புக்குக் கீழே இறுக்கமாக மடித்துவிடுங்கள். தளர்வாக இருந்தால் அதுவும் பறக்கும். இன்னொரு பாயிலை நீளப் பட்டையாக மடித்து டின்னின் அடியில் கொடுத்தால், முடிந்ததும் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கிவிடலாம். ஆழமான பாஸ்கெட்டிலிருந்து சூடான டின்னை இடுக்கியால் எடுப்பது சர்க்கஸ் வேலை.

160 டிகிரியில் 25 நிமிடம் மூடியபடி வேகட்டும். பின் பாயிலை எடுத்துவிட்டு 6 முதல் 8 நிமிடம். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மேலே பொன்னிறமாகும். நிற்காமல் எட்டிப் பாருங்கள்; 2 நிமிடத்தில் நிறம் மாறிவிடும். உங்கள் மெஷினில் பாரன்ஹீட், செல்சியஸ் இரண்டும் இருந்தால் தொடங்கும் முன் எது தேர்வாகி இருக்கிறது என்று கவனியுங்கள். 160 பாரன்ஹீட் என்பது வெறும் 71 டிகிரி செல்சியஸ் காற்று. அதில் எவ்வளவு நேரம் வைத்தாலும் புட்டிங் சரியாக வேகாது.

வெந்ததா என்று பார்க்க நடுவில் ஒரு கத்தியைச் செருகி எடுங்கள். பால் போன்ற திரவம் ஒட்டினால் மீண்டும் மூடி 4 நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முட்டை சேர்ந்த உணவுக்கு நடுப்பகுதி குறைந்தது 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அளவு. நான் 75 வரை காத்திருப்பேன். அப்போதுதான் வெட்டும்போது துண்டு நிற்கிறது. வெளியே எடுத்ததும் நன்றாக உப்பி இருக்கும். 10 நிமிடத்தில் அடங்கிவிடும். அது இயல்புதான்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இதன்மேல் விஸ்கி கலந்த சாஸ் ஊற்றுவார்கள். அது இல்லாமலும் நல்ல சாஸ் செய்திடலாம். குறிப்புகளில் வரும் பிரவுன் சுகருக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன் ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு 3 டேபிள்ஸ்பூன் கிரீம் கலக்குங்கள். கிரீமுக்குப் பதில் பால் ஊற்றினால் திரிந்துவிட வாய்ப்புண்டு.

மீந்ததை மூடி பிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம். பாயிலால் மூடி 150 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் மீண்டும் சூடான புட்டிங். மறக்காமல் எக்ஸெல் பைலின் டி நெடுவரிசையில், உங்கள் மெஷினில் மூடி எத்தனை நிமிடம், திறந்து எத்தனை நிமிடம் என்று எழுதி சேவ் செய்திடுங்கள். அடுத்து ஒரு கேக் ரெசிபி கிடைத்தால் பி நெடுவரிசையை மட்டும் மாற்றினால் போதும்.