மனநோயாளியின் கையில் பீடி: கொடுப்பதா, பறிப்பதா?

ராஜபாளையத்துப் பஞ்சாலைகளிலும், அதையடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும், ஸ்ரீவில்லிபுத்தூரின் நெசவு வீடுகளிலும் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய குடும்பங்களில் சில, வெளியே சொல்லாத ஒரு துயரத்தையும் சுமந்து வாழ்கின்றன. வீட்டில் ஒரு பிள்ளைக்கோ, சகோதரனுக்கோ நெடுநாளாக மனநோய். வேலைக்குப் போக இயலவில்லை. திண்ணையில் அமர்ந்து பீடிக்கு மேல் பீடியாகப் பற்றவைக்கிறான்.

அவனைப் பார்த்து, "பாவம், அவனுக்கு வேறென்ன ஆறுதல் இருக்கிறது? குடித்துவிட்டுப் போகட்டும்" என்று காசு கொடுத்துவிடுகிற தாய்மார்கள் உண்டு. "மருந்துக்கும் செலவு, புகைக்கும் செலவா?" என்று கட்டோடு பிடுங்கி வீதியில் எறிகிற அத்தாமார்களும் உண்டு. இருவரையும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. இருவருமே வேதனையில் இருப்பவர்கள். ஆயினும் இரண்டு வழிகளுமே நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. அது எவ்வாறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஆறுதலா, அடிமைத்தனமா?

புகையை உள்ளிழுத்த ஏறத்தாழ பத்து விநாடிகளில் அதிலுள்ள நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. சற்றே தெளிவும் அமைதியும் தோன்றுகின்றன. ஆனால் இரண்டு மணி நேரத்திற்குள் இரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். உடனே படபடப்பு, எரிச்சல், மனம் ஒரு நிலையில் நில்லாமை ஆகியவை தலைதூக்கும். அடுத்த பீடி அவற்றைத் தணிக்கிறது. அவற்றை உண்டாக்கியது முந்தைய பீடி என்பதை உணராமல், தன் நோயைப் பீடி தணிக்கிறது என்று நோயாளி நம்புகிறார், வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை பிழையானது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, புகையைக் கைவிட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததையும், மனநோய் உடையவர்களிடமும் இம்மாற்றம் காணப்பட்டதையும் எடுத்துரைத்தது.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் பலரது உயிரைப் பறிப்பவை இதயநோய், நுரையீரல் நோய் போன்ற உடல் நோய்களே. இவற்றை வளர்ப்பதில் புகைக்குப் பெரும் பங்கு உண்டு. சிகரெட்டைவிடப் பீடி மென்மையானது என்ற எண்ணமும் தவறு. அணைந்துவிடாதிருக்கப் பீடியை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், நச்சும் கூடுதலாகவே உட்செல்கிறது.

கவனிக்க! மருந்தின் அளவு மாறும்

அப்படியானால் உடனே பிடுங்கி எறிந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் அறியாத உண்மை ஒன்று இருக்கிறது.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் கிளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகளைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. புகையிலுள்ள கரிப்பொருள்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. ஆகவே புகைபிடிப்பவரின் உடலில் மருந்து விரைவாகக் கழிந்துவிடுகிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு அவருக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்நிலையில் புகையைத் திடீரென நிறுத்தினால் சில நாட்களிலேயே நொதியின் வேகம் தணிந்துவிடும். உண்பது அதே மாத்திரைதான். ஆனால் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கிளோசபின் அளவு பாதிக்கும் மேல் கூடிவிடுவதுண்டு. அளவுகடந்த தூக்கம், தலைச்சுற்றல், வாயில் எச்சில் வடிதல் முதலியன அதன் அடையாளங்கள். மிக அதிகமானால் வலிப்பும் வரக்கூடும். மாறாக, நிறுத்தியவர் மீண்டும் புகைக்கத் தொடங்கினால் மருந்து குறைந்து, அடங்கியிருந்த நோய் தலையெடுக்கலாம். எல்லா மருந்துகளும் இவ்வாறு மாறுவதில்லை. எது மாறும், எது மாறாது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆதலால் புகையை நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது இன்றியமையாதது. மாத்திரையை வீட்டார் தாமாகக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடவே கூடாது.

தேநீரும் காப்பியும்கூட இதில் சேரும். காப்பியிலுள்ள காஃபினையும் இதே நொதிதான் கழிக்கிறது. புகையை விட்டபின் பழைய அளவிலேயே காப்பி அருந்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். அதை நோய் முற்றியதாக எண்ணிக் கலங்க வேண்டாம். காப்பியைக் குறைத்துப் பாருங்கள்.

விடும் வழி

நோய் ஓரளவு அடங்கியிருக்கும் காலமே புகையை விடுவதற்கு ஏற்ற காலம். நிறுத்திய முதல் வாரமே மிகக் கடினமானது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேட்கையின் கடுமை தணியும். அந்நாட்களில் அவர் சினந்து பேசினால் வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் தவறி ஒரு பீடி பிடித்துவிட்டாலும் ஏசாமல், மறுநாளிலிருந்து மீண்டும் தொடங்கச் செய்ய வேண்டும். ஆனால் மனம் மிகச் சோர்ந்து, வாழப் பிடிக்கவில்லை என்று பேசத் தொடங்கினால் ஒருநாளும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நிகோடின் கலந்த மெல்லும் பசை மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். நொதியை முடுக்குவது புகையே, நிகோடின் அன்று; ஆகவே பசையை மென்றாலும் மருந்தின் அளவு மாறத்தான் செய்யும். புகையை விடுவதற்கென்றே உள்ள மாத்திரைகளைப் பற்றி 2016இல் ஒரு பெரிய ஆய்வு வெளியாயிற்று. அதில் பங்கேற்ற எண்ணாயிரம் பேரில் ஏறத்தாழ பாதிப்பேர் மனநோய் உடையவர்கள். அம்மாத்திரைகளால் மனநலக் கேடுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று அது கண்டது. எனினும் அவற்றுள் சில, வலிப்பு உடையவர்களுக்கு ஆகாதவை. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. விருதுநகரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. புகையிலையை விட ஆலோசனை தரும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. மனநல ஆலோசனைக்கு 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

மார்க்கம் காட்டும் பாதை

தன் கரத்தாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்பது இறைமறையின் கட்டளை. இதன் அடிப்படையில் புகைபிடித்தலை ஹராம் என்றே தீர்ப்பளித்த உலமாக்கள் பலர். ஆனால் அந்தத் தீர்ப்பை நோயாளியின் முகத்தில் எறியும் கல்லாக ஆக்கிவிடக் கூடாது. அறிவு பேதலித்தவர் தெளியும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உள்ளத்திற்கும் உடலைப் போலவே பிணியும் சிகிச்சையும் உண்டு என்று பத்தாம் நூற்றாண்டிலேயே நூல் எழுதியவர் அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் முஸ்லிம் அறிஞர்.

அந்தப் பாரம்பரியத்தை நாம் மறந்ததற்கு ஏர்வாடி சாட்சி. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கிருந்த தனியார் மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையில்லை.

ரமலானில் ஸஹர் முதல் மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாகப் புகையைத் தொடாதிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவ்வளவு நேரம் முடிகிறதென்றால் முழுநாளும் ஏன் முடியாது? எனினும் மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் நோன்பு குறித்தும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். குறிப்பாக லித்தியம் உண்பவர்களுக்கு உடலில் நீர் வற்றுவது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

அன்புச் சகோதர சகோதரிகளே! அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும்போது, "இவர் நாளொன்றுக்கு இத்தனை பீடி பிடிக்கிறார், விட விரும்புகிறோம், மாத்திரையை எப்படி மாற்றுவது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் கேட்பார் என்று காத்திராதீர்கள், நீங்களே சொல்லுங்கள். புகையை விட்டுவிடலாம் என்ற முதல் நம்பிக்கையை அந்தக் கேள்வி நோயாளிக்கு அளிக்கும், இன்ஷா அல்லாஹ்.