உஷார்! சாவியைக் கொடுப்பது உங்கள் கை

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் ‘கவுன்டருக்கு ஆள் தேவை’ அட்டைகள் முளைத்துவிடும். லாட்ஜ், ஸ்கூட்டர் வாடகைக் கடை, டிராவல்ஸ் என்று எல்லா இடத்திலும் ஆள் கேட்பார்கள். கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்தவர்களும் கல்லூரியில் அரியர் வைத்திருப்பவர்களும் வந்து சேர்கிறார்கள். வெயிலில் நிற்க வேண்டாம், தலைக்கு மேல் ஃபேன், நாலு வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷ் பேசிப் பழகலாம். வீட்டிலும் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை. முதலாளி எங்கோ இருப்பார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டது, ஆதார் நகல் வாங்கியது, சாவியை நீட்டியது, கேமராவில் முகம் பதிந்தது எல்லாம் கவுன்டரில் உட்கார்ந்த பிள்ளை. விவகாரம் என்று வந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பதும் அந்தப் பிள்ளை முன்னால்தான்.

ஸ்கூட்டர் வாடகைதான் இதில் மிக மோசம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதிக்கு நவம்பர், டிசம்பரில் வரத் தொடங்கும் வெளிநாட்டினர் பலர் மார்ச் வரை தங்குவார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடக்க முடியாத வெளியூர்க்காரர்களும் வண்டி கேட்பார்கள். வேலைக்குச் சேருமுன் அந்தக் கடை வாசலில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வாடகைக்கு விட அதற்கு அனுமதி கிடையாது. இருசக்கர வண்டியை வாடகைக்கு விடுவதற்கென்றே 1997இல் மத்திய அரசு தனித் திட்டம் போட்டிருக்கிறது. அதன்படி உரிமம் வாங்க வேண்டும், குறைந்தது ஐந்து வண்டிகளாவது வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியின் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். கோவா போய் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு பார்த்திருப்பார்கள்.

“ஊரே இப்படித்தான் ஓட்டுது, யாரு கேக்கறா?” என்பார் முதலாளி. வண்டி யாரையாவது இடிக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள்தான். இடித்த பிறகு முதலில் கேட்பது காப்பீட்டு நிறுவனம். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் ‘வாடகைக்கு விடக்கூடாது’ என்பது நிபந்தனையாகவே அச்சாகியிருக்கும். அந்த வரியைக் காட்டிக் கைகழுவப் பார்ப்பார்கள்.

கவுன்டர் ஆளை நேராகத் தொடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 180ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் ‘உரிமையாளர் அல்லது வண்டியின் பொறுப்பில் இருப்பவர்’ குற்றவாளி என்கிறது அது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓனர் வேலூருக்குப் போயிருக்கும் மத்தியானத்தில் அந்த வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது? யோசித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸைப் பார்த்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது. பெங்களூருவிலிருந்து கிரிவலத்துக்கு வந்தவர் ஸ்டைலாக கார்டை நீட்டுவார். அதில் காருக்கான எல்எம்வி மட்டும் இருக்கும், இருசக்கர வண்டிக்கான பதிவே இருக்காது. வெளிநாட்டுக்காரரின் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தில் ‘ஏ’ என்ற கட்டத்தில் முத்திரை இருந்தால்தான் மோட்டார் சைக்கிள். ‘பி’ மட்டும் இருந்தால் கார்தான். அந்தப் புத்தகமே இல்லாமல் அவர் நாட்டு லைசென்ஸை மட்டும் காட்டினால் சாவியைத் தொடாதீர்கள். அப்பா லைசென்ஸைக் காட்டி வண்டி எடுத்து, முக்குத் திரும்பியதும் பத்தாம் வகுப்புப் பையன் ஓட்டும் கதையும் நடக்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்; வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். 2019இல் கொண்டுவந்த திருத்தம் இது.

பாஸ்போர்ட்டை அடமானமாக வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது அந்த நாட்டு அரசின் சொத்து. தொலைந்தால் அவர் போலீஸில் புகார் கொடுத்து, தூதரகத்துக்கு அலைந்து, நாட்டை விட்டு வெளியேற அனுமதியும் வாங்க வேண்டும். அந்தப் புகாரில் கடைசியாக பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது என்று எழுதுவார்கள். உங்கள் பெயரைத்தான் எழுதுவார்கள்.

அடுத்தது பணம். இதைப் படிக்கும் கவுன்டர் பிள்ளைகள் இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். “தம்பி, என் அக்கவுன்ட்ல லிமிட் ஆயிடுச்சு, உன் ஜிபே நம்பரை வெச்சுக்கலாமா? சாயங்காலம் எனக்கு மாத்தி விட்டுடு” என்று முதலாளி கேட்பார். மரியாதைக்காகச் சரி என்று தலையாட்டிவிடுவீர்கள். மறுநாளே கல்லா மேல் உங்கள் பெயரில் கியூஆர் அட்டை உட்கார்ந்துவிடும். வாடிக்கையாளர்களில் ஒருவர் எங்கோ மோசடி செய்த பணத்தில் ரூம் வாடகை கட்டியிருந்தால், பணத்தைப் பறிகொடுத்தவர் ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ புகார் கொடுப்பார். அந்தப் பணம் போன பாதையில் இருக்கும் கணக்கை எல்லாம் சைபர் போலீஸ் சொல்லி வங்கி முடக்கும். அதில் உங்கள் கணக்கும் சிக்கும். அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த சம்பளமும் அதற்குள்தான் கிடக்கும். எங்கோ இருக்கும் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதி, கணக்கைத் திறக்க நீங்கள்தான் அலைய வேண்டும். முதலாளியின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இருக்காது. வருமான வரிக்காரர்கள் கேட்டாலும் கடையின் வரவு உங்கள் வரவாகத்தான் தெரியும். கடைக்கென்று கணக்கு இல்லையா? ரொக்கம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பௌர்ணமி இரவுக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறும். அதைத்தான் போலி ஸ்கிரீன்ஷாட் ஆசாமிகள் எதிர்பார்த்திருப்பார்கள். பச்சை டிக் மார்க்கைக் காட்டி “போயிடுச்சு பாருங்கண்ணே” என்பார்கள். அவர்கள் போனைப் பார்க்காதீர்கள், கடை போனில் பணம் ஏறியதா என்று பாருங்கள். சவுண்ட் பாக்ஸ் சத்தம் போடாமல் சாவி நகரக் கூடாது. “மிலிட்டரி ஆபீசர் பேசறேன், பத்து ரூம் வேணும், அட்வான்ஸ் அனுப்ப கியூஆர் தர்றேன், ஸ்கேன் பண்ணுங்க” என்று இந்தியில் ஒருவர் பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் முதலாளிக்குப் பயந்து மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

லாட்ஜ் கவுன்டருக்கு வருவோம். 2023 பிப்ரவரி 12 அதிகாலையில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கத்தில் நான்கு ஏடிஎம்களை காஸ் கட்டரால் அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஹரியானா கும்பல். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ஒரு விடுதியில் தங்கித்தான் அவர்கள் திட்டம் போட்டார்கள் என்று போலீஸ் விசாரணையில் தெரியவந்தது. அப்படி ஒரு கும்பல் நம் ஊர் லாட்ஜில் ரூம் போட்டிருந்தால், கவுன்டரில் இருந்த பையன் எத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பான்? ஆகவே நாலு பேர் தங்கினால் நாலு பேரின் அடையாள அட்டையும் வேண்டும். அசலைப் பார்த்து முகத்தோடு ஒப்பிட்டு, போன் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆதாரை உங்கள் சொந்த வாட்ஸ்அப்பில் வாங்கவே வாங்காதீர்கள். நாளைக்கு அது எங்கே கசிந்தாலும் சந்தேகம் உங்கள் மேல்தான். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை விருந்தினர் காட்டினால், அதுவும் முறையான ஆதார்தான். அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள், ‘சி பார்ம்’ என்று எல்லோரும் சொல்லிப் பழகிய தங்கல் விவரப் படிவம் ஆன்லைனில் ஏற வேண்டும். ரமண நகர்ப் பக்கம் மாடி வீட்டை வாடகைக்கு விடும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நிறையப் பேர் லாட்ஜுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் இதற்குப் புதிய குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஓனர் பாஸ்வேர்டைச் சொல்லி “நீயே போட்டுடு” என்றால், போட்ட நேரத்தோடு ஒப்புகையை அவருக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் போட்டீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது பல கடைகளில் சர்வசாதாரணம். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, உங்கள் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்கு மட்டுமே பிடிக்கலாம், அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கேமரா பிடித்த ஹெல்மெட் அபராதத்தை, வண்டி ஓட்டாத கவுன்டர் பிள்ளை தலையில் கட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் வந்துவிட்டது. தீபத்தன்று ராத்திரி முழுக்க நின்றபடி பில் போடும் பெண்களுக்கு அதை யாராவது சொன்னால் தேவலை.

வேலைக்குச் சேரும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அசலைக் கேட்டால் தராதீர்கள், நகல் போதும். வேலையை விட்டு நிற்கும்போது மிரட்டத்தான் அசல் உதவும்.

பெற்றோரே, பிள்ளை வேலை பார்க்கும் கடைக்கு இந்த வாரமே ஒரு நடை போய்ப் பாருங்கள். வண்டிகளின் பிளேட் என்ன நிறம், கல்லா மேல் இருக்கும் கியூஆர் அட்டையில் யார் பெயர் என்று பாருங்கள். உங்கள் பிள்ளை பெயர் அதில் இருந்தால், அந்த அட்டையை எடுத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.