முதுமையும் நடைபாதையும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கேயுள்ள கழக்கூட்டம், கொல்லத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடமாகும். ஒரு கிளை ஸ்ரீகாரியம் வழியாக நகருக்குள் செல்கிறது. மற்றொன்று புறவழிச் சாலையாகக் கோவளத்தை நோக்கிச் செல்கிறது. 1990ஆம் ஆண்டில் இங்கு டெக்னோபார்க் நிறுவப்பெற்ற பின்னர், ஊரின் தோற்றமும் போக்குவரத்தும் பெரிதும் மாறின. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டச் சாலை திறக்கப்பெற்றது. நெடுந்தொலைவு செல்லும் வாகனங்கள் இப்பொழுது மேலே விரைகின்றன. ஆயினும், கடைக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் மருத்துவரிடமும் செல்லும் உள்ளூர் மக்கள் நடப்பது கீழேயுள்ள சாலைகளில்தான்.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, கேரள மக்களில் 12.6 சதவீதத்தினர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இந்தியா முழுவதற்குமான விகிதம் 8.6 சதவீதமே. ஆகவே, தெரு நடப்பதற்கு ஏற்றதாக உள்ளதா என்னும் வினா இங்கு மிகவும் முக்கியமானது.

நடை குறைந்தால்

நடுவயது கடந்ததும் தசைகளின் பருமனும் வலிமையும் படிப்படியாகக் குறைகின்றன. இத்தேய்வைத் தாமதப்படுத்தும் எளிய வழிகளுள் நடை ஒன்று. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. கடைக்கும் கோயிலுக்கும் நடந்து செல்வதும் இக்கணக்கில் சேரும்.

ஆனால், பெயர்ந்த கற்பலகைகளையும் வழியை மறிக்கும் வண்டிகளையும் கண்டு அஞ்சுபவர் முதலில் மாலை நடையைக் கைவிடுகிறார். பின்னர் கடைக்குப் போவதைப் பிறரிடம் ஒப்படைக்கிறார். பயன்படாத தசை மேலும் நலிகிறது. நலிந்த கால்களுக்குச் சாலை மேலும் அச்சமூட்டுகிறது. நடப்பதற்கேற்ற சுற்றுப்புறங்களில் வாழ்வோர் மிகுதியாக நடக்கின்றனர் என்பதைப் பல நாடுகளின் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நடையில் விருப்பமுள்ளோரே அத்தகைய இடங்களைத் தேர்ந்து குடியேறுவதும் உண்டாதலால், முழுக் காரணமும் தெருவே என்று கூறிவிட இயலாது. எனினும், தெருவைச் சீர்ப்படுத்தினால் தீங்கு எதுவும் இல்லை.

ஆறு விநாடிகள்

சாலையைக் கடப்போர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் என்று கொண்டே பல நாடுகளில் சைகை விளக்குகளின் நேரம் கணக்கிடப்படுகிறது. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோரை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற முடிவு, ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களின் வேகம் 0.8 மீட்டர் எனக் காட்டியது. பதினான்கு மீட்டர் அகலமுள்ள சாலையை முதற்கூறிய வேகத்தில் கடக்கச் சுமார் 12 விநாடிகள் போதும், 0.8 மீட்டர் வேகத்தில் 17.5 விநாடிகள் ஆகும். சைகை 12 விநாடிகளில் மாறினால், மூதாட்டி ஒருவர் இன்னும் நான்கு மீட்டருக்கு மேல் கடக்க வேண்டிய நிலையில் வாகனங்களின் முன் நிற்க நேரும்.

அளந்தறியும் முறை

களப்பணியாளரும் ஆசிரியரும் இதனைத் தம் ஊரிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் பத்து மீட்டர் தூரத்தைக் குறித்து, முதியோரை இயல்பாக நடக்கச் செய்து, ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அறிதல் வேண்டும். 12.5 விநாடிகள் ஆயின், வேகம் 0.8 மீட்டராகும். பின்னர் சாலையின் அகலத்தையும் சைகையின் நேரத்தையும் ஒப்பிடுதல் வேண்டும்.

நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது என்றும், விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் கூறியது. மாணவர்கள் அளவு நாடாவைக் கொண்டே இவற்றைச் சரிபார்க்கலாம். மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடங்கள், வழுக்கும் மூடுபலகைகள், இளைப்பாற இருக்கையில்லாத நீண்ட பகுதிகள் ஆகியவற்றையும் படத்தில் குறித்தல் நன்று.

இவ்வாறு தயாரித்த படத்தை வார்டு உறுப்பினரிடம் அளிக்கலாம். எந்தப் பலகையை மாற்றவேண்டும், எந்த விளக்கிற்கு ஆறு விநாடிகள் கூட்டவேண்டும் என்று திட்டமாகக் கூறும் மனுவே விரைவில் பயன் தரும்.