பந்தின் மேல் ஒரு கையொப்பம்

நம் நாட்டாருக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கருக்குப் பேஸ்பால் அப்படி. அவ்வாட்டத்தில் புகழ் பெற்றோர் தம் கையால் ஒப்பமிட்ட பழம் பந்துகளைத் தேடிச் சேர்ப்போர் அந்நாட்டில் பலர். வெண்தோல் போர்த்து, 108 சிவப்புத் தையல்கள் இடப்பெற்ற அச்சிறு பந்து, பேப் ரூத் போன்ற பெருவீரரின் ஒப்பத்தைத் தாங்கினால் பெரும் விலை பெறுகிறது.

விலை மிகுந்த இடத்தில் வஞ்சகமும் மிகும் அன்றோ? 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர், கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட போலி ஒப்பக் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தனர். அவர்கள் கைப்பற்றியவற்றுள், கொல்கத்தாவில் தொண்டாற்றிய அன்னை தெரேசாவின் பெயரில் ஒப்பமிட்ட பந்தும் இருந்தது! அன்பினால் பொருள் கொடுத்து வாங்கியோர் ஏமாந்தனர்.

போலியை அறிவது எங்ஙனம்? முதற்கண் காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-ஆம் ஆண்டில். லூ கெரிக் என்னும் வீரர் மறைந்ததோ 1941-இல். ஆதலின் அப்பேனாவால் எழுதிய அவர் ஒப்பம் பொய்யே. முன்னாளில் ஆட்டப் பந்துகளில் அவ்வக் காலத்து லீக் தலைவரின் பெயர் அச்சிடப்பெற்றது. ஜோ கிரோனின் அமெரிக்கன் லீகின் தலைவரானது 1959-இல். ரூத் மறைந்தது 1948-இல். இவ்விரு பெயரும் ஒரே பந்தில் சேர்தல் இயலாது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. காலக் கணக்கு பொய்யைக் காட்டிக் கொடுக்குமேயன்றி, மெய்யை நிலைநாட்டாது. பழம் பந்தின் மேல் புதிதாக எழுதலாம். பழைய நூல்களின் வெற்றுத் தாளைக் கிழித்தும் எழுதலாம். சான்றிதழையும் போலியாக ஆக்கலாம். ஆகவே எழுத்தின் ஓட்டத்தை ஐயமற்ற ஒப்பங்களோடு ஒப்பிட வேண்டும். அப்பொருள் யார் யார் கைமாறி வந்தது என்பதையும் ஆராய வேண்டும். 2001 முதல் பெரும் லீக் அமைப்பே சாட்சியின் முன்னிலையில் ஒப்பம் பெற்று, எண்ணிட்ட முத்திரை ஒட்டும் முறையை மேற்கொண்டது. மறைந்தோர் ஒப்பத்துக்கு அத்தகைய சாட்சி ஏது? வந்த வரலாறே சாட்சி.

ஊர் விட்டு வந்து வாழும் நம் இல்லங்களிலும், பெரியோர் ஒப்பமிட்ட நூலோ மடலோ பெட்டிக்குள் கிடக்கலாம். அது எவரிடமிருந்து, எந்நாளில், எவ்வாறு வந்தது என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி உடன் வைப்போமாக. அறிந்தவர் மறைந்தபின், மெய்ப்பொருளும் ஐயத்துக்கு உள்ளாகும்.