இடது முன் டயர் சொன்ன கதை

முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் பாவம். காரை இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடித்தால் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது எல்லாமே அவைதான். நம் சாலைகளில் ஓடும் மைவி, சாகா எல்லாம் இந்த வகையே. கடைக்குப் போய் வரும்போது இது தெரியாது. செப்பாங் தடத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் தெரிந்துவிடும்.

நான் பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் படிக்கிறேன். என் பெரியம்மா மகன் ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா நியோ வைத்திருக்கிறார். அதை ஓட்டிக்கொண்டே தடத்துக்குப் போய், அதிலேயே கிள்ளானுக்குத் திரும்புவார். முதல் முறை ஓட்டி வந்தபோது இடது முன் டயரின் வெளி ஓரம் உரிந்து கிடந்தது. உள் ஓரம் புதிது போல இருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய டயர்.

“வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகுது தம்பி. இன்ஜினை ஏத்தலாமா?” என்றார் அண்ணன்.

“இன்ஜினைத் தொடாதீங்க அண்ணா. அலைன்மென்ட்டைப் பார்ப்போம்” என்றேன்.

செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகளில் 10 வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கம் சாய்கிறது. அதனால்தான் இடது டயர். வெளி ஓரம் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் மெக்பர்சன் ஸ்ட்ரட். இந்த அமைப்பில் உடல் சாய்ந்தால் சக்கரமும் ஏறக்குறைய அதோடு சேர்ந்தே சாயும்; டயர் வெளி விளிம்பில் நின்றுவிடும். எனவே கார் நிற்கும்போதே சக்கரத்தின் மேற்பகுதியை உள்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். இதுதான் நெகட்டிவ் கேம்பர்.

எவ்வளவு சாய்ப்பது? 2.5 பாகையில் தொடங்கினோம். விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. ரசமட்டமும் அளவுகோலும் போதும். மற்றது மூன்றாம் படிவத்தில் படித்த டான்ஜன்ட். ரிம்மின் மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே 400 மில்லிமீட்டர் என்றால், மேல் விளிம்பு 17.5 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். “இதெல்லாம் எங்கே பயன்படப் போகுது” என்று வகுப்பில் கேட்கும் நண்பர்களை அன்று பட்டறைக்கு அழைத்திருக்கலாம்.

அளக்கும் முன் தயாரிப்பில்தான் பாதி வேலை. தரை சமமாக இருக்க வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஏழு 10 கிலோ அரிசி மூட்டைகளை வைத்தோம். அது அண்ணனின் எடை. பெரியம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காரின் இருபுறமும் இணையாக நூல் கட்டி, முதலில் பின் சக்கரங்களைப் பார்த்தோம். கார் எந்தத் திசையில் உருளும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன; அவை கோணலாக இருந்தால் முன்னால் செய்வதெல்லாம் வீண். பிறகு முன் கேம்பர். கடைசியில்தான் டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக்கூடாது.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்பது. முன்னால் ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டர் வெளிநோக்கி வைத்தோம். ஸ்டியரிங் திருப்பியவுடன் கார் சட்டென்று வளைய இது உதவும். இரண்டு டை ராடுகளையும் சம அளவு திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

சண்டை வந்தது பின் சக்கர டோவில். அதையும் வெளிநோக்கி வைத்தால் வால் சுழன்று கார் எளிதாகத் திரும்பும் என்று தடத்தில் யாரோ அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் செப்பாங்கில் மதியம் மழை பெய்யும். ஈரத்தில், வளைவின் நடுவே பயந்து எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்தால், அதே வால் முன்னால் வந்து நிற்கும். பிறகு அதே காரில் நெடுஞ்சாலையில் வீடு திரும்ப வேண்டும். “உங்க கார்தான் அண்ணா, ஆனா நான் அந்த நட்டைத் திருப்ப மாட்டேன்” என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பூஜ்யத்துக்கு ஒத்துக்கொண்டார்.

அடுத்த முறை அவர் பிட்டுக்குள் வந்ததும், டயர் ஆறுவதற்குள் ஊசி வெப்பமானியைக் குத்தினேன். வெளியே 88, நடுவே 84, உள்ளே 79 பாகை செல்சியஸ். வெளி ஓரம் இன்னும் அதிகம் உழைக்கிறது. உள் ஓரம் சற்றே சூடாக இருக்க வேண்டும். கேம்பரை 3 பாகையாக்கினோம். அதற்கு மேல் போக எனக்கு மனமில்லை. நேராகப் பிரேக் பிடிக்கும்போதும், வளைவை விட்டு முடுக்கும்போதும் முன் டயர் அகலமாகத் தரையைத் தொட வேண்டும். அளவு மீறிச் சாய்த்தால் உள் ஓரம் மட்டுமே தொடும்.

இப்போது வீடு திரும்புமுன் முன் டோவை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறோம். டை ராடு எத்தனை சுற்று என்று மார்க்கர் பேனாவால் குறித்து வைத்திருப்பதால் பத்து நிமிட வேலை. சாலையில் டயரின் உள் ஓரத்தைத் தின்பது கேம்பரைவிட டோதான்.